பாறை இறுகியது, எண்ணெய் பாய்ந்தது

1908 மே 26, விடியும் முன். ஈரானின் தென்மேற்கில் மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில், எண்ணெய் தேடி வந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸின் ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்த கிணறு சுமார் 360 மீட்டர் ஆழத்தில் எண்ணெயைத் தொட்டது. கோபுரத்தையும் தாண்டிப் பீறிட்டது கச்சா எண்ணெய். மத்தியக் கிழக்கின் எண்ணெய் யுகம் தொடங்கியது அங்கேதான்.

எண்ணெய் தந்தது அஸ்மாரி சுண்ணாம்புக்கல். இரண்டு மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் கிளிஞ்சல்களும் பாசிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிய பாறை. கையில் எடுத்தால், இதற்குள் எண்ணெய் எங்கே இருக்கப்போகிறது என்றுதான் தோன்றும். பல இடங்களில் அதன் நுண்துளைகள் அத்தனை சிறியவை. ஒன்றோடொன்று சரியாக இணைவதும் இல்லை.

வழி திறந்தது பிறகுதான். அரேபிய நிலத்தட்டு ஈரானை நெருக்க, ஜாக்ரோஸ் மலைகள் மடிந்தெழுந்தன. சுண்ணாம்புக்கல் களிமண்ணைப்போல வளையாது, உடையும். மடிப்புகளின் முகட்டில் விரிசல்கள் வலைபோலப் பரவின. கீழிருந்த பழைய களிப்பாறைகளில் உருவான எண்ணெய் அந்த விரிசல்களின் வழியே ஏறியது. மேலே உப்பும் ஜிப்சமும் கலந்த கச்சாரான் படிவம் பெரும்பகுதியை அடைத்துப் பிடித்தது. மூடியில் இடைவெளி கிடைத்த இடங்களில் எண்ணெய் தரைக்குக் கசிந்தது. அந்தக் கசிவுகளைப் பார்த்துத்தான் ரெனால்ட்ஸ் வந்தார்.

சவூதியின் கவார் எண்ணெய் வயலும் சுண்ணாம்புக்கல்தான். 280 கிலோமீட்டர் நீளம். ஆனால் அங்கே எண்ணெயைப் பெரும்பாலும் தாங்குவது பாறை மணிகளுக்கு இடையிலான துளைகளே. ஆகவே ஓரிடத்தில் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கிறது என்பதை மட்டும் வைத்து எண்ணெய் வளத்தைக் கணக்கிடுவது பெரும் பிழை என்பேன். துளை எப்படி, விரிசல் எங்கே, மூடி உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

அஸ்மாரி போன்ற விரிசல் பாறையில் முதல் கிணற்றின் வேகத்தையும் நம்பிவிடக் கூடாது. விரிசலில் உள்ள எண்ணெய் சீக்கிரம் வந்துவிடும். பெருமளவு எண்ணெய் விரிசல்களுக்கு இடைப்பட்ட இறுகிய பாறைக்குள் இருக்கிறது. அவசரப்பட்டு உறிஞ்சினால், கீழேயுள்ள நீர் விரிசல் வழியாக ஏறிக் கிணற்றை எட்டிவிடும். பாறைக்குள் இருப்பது அங்கேயே தங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லின் பரப்பில் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் நீரால் அதை எளிதில் வெளியேற்றவும் முடியாது. அதனால்தான் ஈரானின் ஹஃப்த் கேல் வயலில் 1976-ல் மேலிருந்து எரிவாயுவைச் செலுத்தத் தொடங்கினார்கள். வாயு விரிசல்களை நிரப்ப, பாறைக்குள் சிக்கிய எண்ணெய் தன் எடையாலேயே மெல்லக் கீழே வடிகிறது.