கண்ணாடியைக் கழற்றும் கணக்கு

கண்ணாடியைக் கழற்ற நினைப்பவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்பது, “எந்த லேசர் நல்லது?” என்பதைத்தான். இயந்திரத்தைக் கேட்பதற்கு முன் கருவிழியைக் கேட்க வேண்டும். 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர், திசுவைக் கருக்காமல் நுண்ணிய அளவில் அகற்றும் என்பதை 1981-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்க ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன். அவர் பரிசோதித்தது விருந்தில் மீந்த வான்கோழித் துண்டில். அந்தத் துல்லியம்தான் இன்றும், கருவிழியைச் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் சிகிச்சையின் உயிர். ஆனால் எவ்வளவு துல்லியமாகச் செதுக்கினாலும், செதுக்கியது செதுக்கியதுதான். போன தடிமன் திரும்பாது. எனவே, கையிருப்பு எவ்வளவு என்பதே முதல் கேள்வி.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் சொச்சம். 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கும்போது ஒரு பவருக்குச் சுமார் 12 மைக்ரான் போகும். லேசிக் என்ற முறையில் முதலில் சுமார் 110 மைக்ரான் தடிமனுக்கு ஒரு மூடியைச் சீவித் திறப்பார்கள். திரும்ப மூடினாலும் அது பழைய வலுவைத் தராது. அதற்கடியில் குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். மைனஸ் 4 பவர் உள்ளவருக்கு 382 மிஞ்சுகிறது, கவலையில்லை. கருவிழி 480 மைக்ரானே இருந்து, பவர் மைனஸ் 10 ஆனால், மிஞ்சுவது சரியாக 250. அதற்கும் கீழே போனால் கருவிழி நாளடைவில் முன்னால் பிதுங்கிப் பார்வையே கோணலாகலாம். இந்தக் கணக்குதான் வழியைத் தீர்மானிக்கிறது. மெல்லிய கருவிழிக்கு, மூடியே போடாத பிஆர்கே பொருந்தலாம். சில நாள் வலியும், தாமதமாகத் தெளியும் பார்வையும் அதன் விலை. சிறு துளை வழியே திசுவைத் தட்டாக உருவும் ஸ்மைல், நரம்புகளைக் குறைவாக வெட்டுகிறது. பவர் மிக அதிகமென்றால், கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐசிஎல் உண்டு. அதை வெளியே எடுக்கவும் முடியும். ஆனால் கண்ணுக்குள் கை வைப்பதால் தொற்று, கண்புரை, கண் அழுத்தம் ஆகிய அபாயங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். புதியது, விலை கூடியது என்பதாலேயே ஒன்று எல்லோருக்கும் சிறந்ததாகிவிடாது.

“கண்ணாடி போட்டால் தீரும் குறைக்கு, நல்ல கண்ணில் கத்தி எதற்கு?” என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை ஆய்வுகளில் கலவையாக இருக்கிறது. லேசிக் செய்துகொண்டவர்களிடம் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நடத்தி 2017-இல் வெளியான ஆய்வுகளில், 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றனர். அதே ஆய்வுகளில், முன்பு தொல்லை ஏதும் இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், மூன்று மாதம் கழித்து விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற ஏதேனும் ஒரு புதிய தொல்லையைச் சொன்னார்கள். அன்றாட வேலை பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. ஆக, திருப்தியும் தொல்லையும் ஒரே கண்ணில் குடியிருக்கலாம். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் இந்த எண்களைப் படிப்பதும், கண்ணாடியோடு ஆட முடியாத விளையாட்டு வீரர் படிப்பதும் ஒன்றல்ல. கண்ணாடிக்குப் பதில் கான்டாக்ட் லென்ஸ் போடலாமே என்றால், அதிலும் கண் தொற்று ஆபத்து இருக்கிறது.

வயதும் பவரும் கணக்கின் மறுபாதி. குறைந்தது ஓராண்டு பவர் மாறாமல் இருந்த பிறகே சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து காத்திருக்கிறது. அந்த வயதிலும் மைனஸ் 2 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாளிதழ் படிப்பார். தூரப் பார்வையை முழுதாகச் சரிசெய்துகொண்டால் அந்த வசதி போய்விடும், படிக்கக் கண்ணாடி தேவைப்படும். கிட்டப்பார்வைக்குக் காரணமான நீண்ட விழிக்கோளமும் சிகிச்சையால் சுருங்கிவிடாது. விழித்திரை விலகும் ஆபத்து அப்படியே இருக்கும் என்பதால் பரிசோதனையை நிறுத்தக் கூடாது. சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளின் காகிதத்தையும் தூக்கிப் போடக் கூடாது. பல ஆண்டுகள் கழித்துக் கண்புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணிக்க, செதுக்கிய கருவிழியின் அளவு மட்டும் போதாமல் போகலாம். அது முன்பு எப்படி இருந்தது என்பதும் டாக்டருக்கு உதவும்.