புரண்டு படுத்ததும் தலை சுற்றுகிறதா?

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். வலப்பக்கம் புரண்டு எழப் பார்த்த அம்மா, "கட்டிலு கவுருதுடா, பிடிடா!" என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி ஓடுகிறது என்றார், சுவர் நகர்கிறது என்றார். அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. தூக்கி உட்கார வைத்தபோது மறுபடி ஒரு சுழற்சி, பின்னாலேயே வாந்தி. அம்மாவுக்கு அப்போது 63 வயது. பக்கவாதம்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பக்கவாதம் இல்லை. அது தெரிந்த பிறகுதான் அலைச்சல் தொடங்கியது. பக்கத்து வீட்டு அத்தை பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொண்டுவந்தார். மருத்துவமனைக்குப் போன இடத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. அடுத்து கழுத்துக்கு எக்ஸ்ரே. "எலும்பு தேய்ஞ்சிருக்கும்மா" என்று ஒரு கழுத்துப் பட்டையும் ஒரு மாத்திரைச் சீட்டும் கொடுத்தார்கள். அறுபதைக் கடந்த யாருடைய கழுத்தைப் படம் எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். மூன்று வாரம் அம்மா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். தலைக்குக் குளிக்கப் பயம், குனிந்து பாத்திரம் எடுக்கப் பயம்.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவைப் பரிசோதனைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்புறம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தார். "கண்ணை மூடாதீங்கம்மா, சுத்தும், நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் விழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை இரண்டு மூன்று நிலைகளில் திருப்பி எழுப்பி உட்கார வைத்தார். முழுதாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று இரவு அம்மா மெத்தையில் படுத்துத் தூங்கினார்.

அந்த மூன்று வாரத் துன்பம் தேவையே இல்லாதது. எத்தனையோ வீடுகளில் அது மூன்று மாதமாக, மூன்று வருடமாக நீள்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தலைசுற்றலுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் பி.பி.பி.வி. தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்து போகிற, உயிருக்கு ஆபத்தில்லாத தலைசுற்றல் என்பது அதன் பொருள். தலைசுற்றலோடு காது மருத்துவரிடம் போகிறவர்களில் மிகப் பலருக்கு இருப்பது இதுதான். ஐம்பது வயதுக்கு மேல் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இளையவர்களுக்கு வந்தால் தலையில் எப்போதோ பட்ட ஓர் அடி காரணமாக இருக்கலாம்.

உள்காதில் கேட்பதற்கான உறுப்புக்குப் பக்கத்திலேயே உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் இருக்கிறது. அதில் ஒரு சிறு பையும், அதிலிருந்து கிளம்பி அதிலேயே வந்து சேரும் மூன்று அரைவட்டக் குழல்களும் உண்டு. பைக்குள் கூழ் போன்ற ஒரு படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆயிரக்கணக்கான துகள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. முட்டை ஓடு எதனால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்தான் இவையும். நாம் சாய்கிறோமா, நிமிர்கிறோமா என்பதை உடல் உணர்வது இந்தத் துகள்களின் எடையால். குழல்களின் வேலை வேறு. அவற்றுக்குள் நீர் மட்டுமே இருக்க வேண்டும். தலை திரும்பும்போது அந்த நீர் அசைவதை வைத்துத்தான் மூளை திருப்பத்தைக் கணிக்கிறது.

வயதாலோ, அடிபட்டதாலோ, நீண்ட நாள் படுக்கையில் கிடந்ததாலோ, பல நேரங்களில் காரணமே தெரியாமலோ, சில துகள்கள் படலத்திலிருந்து உதிர்ந்து குழலுக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் அவை விழுவது பின்புறக் குழலில், அதுதான் தாழ்வாக இருக்கிறது. நீங்கள் அசையாமல் இருக்கும்வரை அவை குடத்தடியில் மணல்போலப் படிந்து கிடக்கும். புரண்டு படுத்ததும் சரிந்து ஓடும், கூடவே குழல் நீரையும் இழுத்துச் செல்லும். தலை நின்றுவிட்டது, ஆனால் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் சுழல்கிறாய் என்று ஒரு காது சொல்ல, இல்லையே என்று மற்றக் காதும் கண்ணும் சொல்ல, மூளை தடுமாறுகிறது. விழிகள் தாமாகவே வெட்டி வெட்டி ஆடுகின்றன, குமட்டுகிறது. துகள்கள் அடியில் போய்ப் படிந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தச் சுழற்சி ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

இதை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. ரத்த அழுத்தம் குறைந்து வரும் கிறுகிறுப்பு, படுத்தவர் எழுந்து நிற்கும்போது வரும், கண் இருளும். படுத்த படுக்கையிலேயே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் புரண்டால் ரத்த அழுத்தம் அப்படி விழுவதில்லை. புரளும்போது அறை சுழல்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டியது காதைத்தான். பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தபோது, கோபுரத்தைப் பார்க்கத் தலையைச் சாய்த்தபோது, பல் மருத்துவரின் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தபோது வந்தது என்று சொல்பவர்களும் பெரும்பாலும் இந்த வகைதான். இதில் காது மந்தமாவதில்லை. கேட்கும் திறன் குறைந்து, காதில் இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். அவற்றுக்கு வைத்தியம் வேறு.

ஸ்கேனில் இந்தத் துகள்கள் தெரியாது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனை, அம்மாவுக்குச் செய்தார்களே, அதுதான். லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் 1952இல் விவரித்த முறை அது. தலையை 45 பாகை ஒரு பக்கம் திருப்பி, கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி சாய்த்துப் படுக்க வைப்பார்கள். சில நொடி ஒன்றும் இருக்காது. பிறகு சுழற்சி தொடங்கும், விழி ஆடும். எந்தப் பக்கம் திருப்பியபோது ஆடுகிறதோ அந்தப் பக்கக் காது. எந்தத் திசையில் ஆடுகிறதோ அதை வைத்து எந்தக் குழல் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் பயந்து கண்ணை மூடிக்கொண்டால் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது.

சிகிச்சையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் ஜான் எப்லி என்றொரு காது மருத்துவர் இருந்தார். துகள்தான் சிக்கல் என்றால் தலையைத் திருப்பித் திருப்பி அதை வந்த வழியே பைக்குள் தள்ளிவிடலாமே என்று யோசித்தார். 1980இல் சக மருத்துவர்களின் கூட்டத்தில் அதைச் சொன்னபோது நம்பியவர்கள் சிலரே. கட்டுரை அச்சேறியது 1992இல். இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சையாகச் செய்யப்படுவது எப்லியின் முறைதான்.

வலக்காது என்று வைத்துக்கொள்வோம். கால் நீட்டி உட்கார்ந்து, தலையை 45 பாகை வலப்புறம் திருப்பி, தலை சற்றுத் தொங்கும்படி படுக்க வேண்டும். சுழற்சி நின்ற பிறகும் அரை நிமிடம் அப்படியே. அடுத்து தலையை மெல்ல 90 பாகை இடப்புறம் திருப்பி அரை நிமிடம். பிறகு உடலோடு சேர்ந்து இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்க அரை நிமிடம். கடைசியில் முகவாயைத் தாழ்த்தியபடியே எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் துகள்கள் குழலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பைக்குத் திரும்புகின்றன. பெரும்பாலோருக்கு ஓரிரு முறையிலேயே தீர்ந்துவிடும். பக்கவாட்டுக் குழலில் விழுந்திருந்தால் இந்த முறை உதவாது, அதற்கு உருட்டி எடுக்கும் வேறு முறை உண்டு.

யூடியூபைப் பார்த்து நாமே செய்யலாமா என்று கேட்பீர்கள். எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரியாமல் செய்தால் வீண். முதல் முறை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ செய்யட்டும். கழுத்து எலும்பில் கடும் சிக்கல், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரை விலகல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு வீட்டில் செய்யக் கற்றுத் தரச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வதுண்டு. அது தேவையில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டி சொல்கிறது. சில நாள், சிலருக்கு ஓரிரு வாரம், மிதப்பதுபோல ஒரு தள்ளாட்டம் இருக்கும். அதற்குப் பயந்து படுத்தே கிடக்காமல் நடமாடினால் சீக்கிரம் சரியாகும்.

அதே வழிகாட்டி, தலைசுற்றல் மாத்திரைகளை இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. வாந்தி தாங்க முடியாத முதல் ஓரிரு நாளுக்கு ஒரு மாத்திரை உதவலாம். ஆனால் எந்த மாத்திரையும் குழலில் விழுந்த துகளை எடுத்து வெளியே போடாது. மாதக்கணக்கில் விழுங்கினால் தூக்கக் கலக்கம்தான் மிச்சம், முதியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளவும் அது வழி. சின்னாரிசின் என்ற தலைசுற்றல் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்ட முதியவர்கள் சிலருக்குக் கை நடுக்கமும் நடைத் தளர்வும் வருவதுண்டு. சிகிச்சையே செய்யாவிட்டாலும் பலருக்குச் சில வாரங்களில் இது தானாக அடங்கிவிடும். அப்போது மாத்திரைக்குப் பேர் போய்ச் சேர்கிறது.

முதல் முறை சுற்றும்போது, படுத்திருந்தால் எழ முயலாதீர்கள். அசையாத ஒரு பொருளில் பார்வையை நிறுத்துங்கள், ஒரு நிமிடத்தில் அடங்கும். பிறகு மெல்லப் பக்கவாட்டில் எழுந்து, கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். சரியாகும்வரை இரு சக்கர வண்டி, ஏணி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாவற்றிலிருந்தும் விலகியே இருங்கள்.

ஆனால் சில அறிகுறிகள் கூட வந்தால் மேலே சொன்ன எதையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பேச்சு குழறினால், முகம் ஒரு பக்கம் கோணினால், கை கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தால், இதுவரை வராத கடும் தலைவலியோ கழுத்துவலியோ வந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால், நினைவு தப்பினால், அசையாமல் படுத்திருந்தும் சுழற்சி நிற்காவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள். அது மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். தலைசுற்றலோடு ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது திரும்பி வரக்கூடிய நோய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குணமானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடி வருகிறது. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கும் வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கும் இது கூடுதல். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது திரும்பி வருவது குறைந்தது என்று கொரிய மருத்துவர்களின் பெரிய ஆய்வொன்று 2020இல் தெரிவித்தது. காதில் கால்சியம் உதிர்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மா தன் கால்சியம் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நிறுத்தக் கூடாது. உணவில் சேரும் கால்சியத்தால் இது வருவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது எந்தப் பக்கம் புரண்டபோது சுற்றியது, எத்தனை நொடி இருந்தது, காது கேட்பதில் மாற்றம் உண்டா என்று குறித்துக்கொண்டு போங்கள். படுக்க வைத்துப் பார்க்காமல் ஸ்கேனுக்கோ மாத்திரைக்கோ சீட்டு எழுதினால், "என்னைப் படுக்க வைச்சுக் கண்ணைப் பார்க்க முடியுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்தக் கேள்வியைச் சொல்லி வையுங்கள்.