'உள்ளேன் ஐயா' சொல்லும் நேரத்தில்

ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்க, 'உள்ளேன் ஐயா', 'பிரசன்ட் மிஸ்' என்று வரிசையாகக் குரல்கள் வரும். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, அன்றைக்குக் கரும்பலகை ஓரத்தில் எழுதியிருக்கும் சின்னக் கேள்விக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்வதுதான் தினக்கேள்வி முறை. 'இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எது வேண்டும்: சட்னியா, சாம்பாரா, பொடியா?' என்பது கேள்வி. பெயர் வாசித்ததும் ஒரு மாணவி 'பொடி மிஸ், நல்லெண்ணெய் ஊத்தி' என்கிறாள். வருகையும் பதிவாகிவிடும். 40 பேர் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு 6 விநாடி ஆனாலும் மொத்தம் 4 நிமிடம்தான்.

போர்ஷன் முடிக்கவே நேரம் போதவில்லை என்று தவிக்கும் ஆசிரியருக்கு அந்த 4 நிமிடமும் பெரிதாகத் தெரியலாம். ஆனால் பாடம் நடக்கும்போது கை தூக்குவது பெரும்பாலும் முதல் இரண்டு பெஞ்சுதான். கடைசி பெஞ்சில் சில பிள்ளைகள் நாள் முழுக்க ஆசிரியரிடம் பேசும் ஒரே சொல் 'உள்ளேன்' என்பதாகவே இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களே என்ற பயம் வாயை அடைத்துவிடுகிறது. சட்னியா, சாம்பாரா என்பதில் தப்பான பதிலே கிடையாது. தினமும் ஒருமுறை வகுப்பின் காதில் தன் குரல் விழுந்து பழகிய பிள்ளைக்கு, கணக்கில் சந்தேகம் கேட்க எழுந்து நிற்பதும் கொஞ்சம் எளிதாகிறது.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் நடக்கும் 'மார்னிங் மீட்டிங்' இதற்கு நெருங்கிய உறவு. 1981-இல் மாசசூசெட்ஸ் மாநில ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய அமைப்பு ஒன்று, 'ரெஸ்பான்சிவ் கிளாஸ்ரூம்' என்ற தன் கற்பித்தல் முறையின் பகுதியாக அதைப் பரப்பியது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வணக்கம் சொல்வது, ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல மற்றவர்கள் கேட்பது, கூட்டு விளையாட்டு, ஆசிரியர் எழுதி வைத்த செய்தியைப் படிப்பது என்று அதில் நான்கு பகுதிகள் உண்டு. தினக்கேள்வி அதன் சுருங்கிய வடிவம் என்று சொல்லலாம். பெஞ்சை நகர்த்தக்கூட இடமில்லாத வகுப்பறைக்கு இந்தச் சுருக்கம்தான் ஒத்துவரும்.

பிள்ளை பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டாலே என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகி 1981-இல் எழுதிய 'டோட்டோ-சான்' நூலைவிட நல்ல சாட்சி இல்லை. முந்தைய பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட சிறுமி தோமோயே பள்ளியில் சேர வருகிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி அவளிடம் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. என்ன தோன்றுகிறதோ சொல்லு என்கிறார். ஏறத்தாழ நான்கு மணி நேரம், கொட்டாவி விடாமல், கவனம் சிதறாமல் கேட்கிறார். நாற்பது பிள்ளைகளிடமும் யாராலும் அப்படிக் கேட்க முடியாது. ஆளுக்கு 6 விநாடி, தினமும், ஆண்டு முழுக்க முடியும்.

எதைக் கேட்பது என்பதில்தான் உண்மையான கவனம் தேவை. 'அப்பா என்ன வேலை?' என்பது சாதாரண விசாரிப்பு போலத் தெரியும். அப்பா இல்லாத பிள்ளைக்கு அது 39 பேர் முன்னால் வாங்கும் அடி. 'எந்தத் தெரு?' என்ற கேள்வி தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதியைக் கேட்பதற்குச் சமம். 'தீபாவளிக்கு எத்தனை டிரஸ்?', 'லீவுக்கு எங்கே போனீர்கள்?' என்பவை வீட்டு வருமானத்தை வெளிச்சம் போட்டுவிடும். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், சாப்பிடாமல் வந்த பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருக்கும். பணம், சாதி, மதம், குடும்ப நிலை எதுவும் தெரியாமல் பதில் சொல்லக்கூடியதா என்று ஒவ்வொரு கேள்வியையும் சலித்துப் பார்ப்பது அவசியம். மழையில் நனைவதா, ஜன்னலோரம் நின்று பார்ப்பதா. எந்தக் காய் உலகத்தில் இல்லாமல் போனால் சந்தோஷம். காக்காவிடம் பேச முடிந்தால் என்ன கேட்பாய் என்பவை சல்லடையில் தங்கும். பிளஸ் டூ மாணவர்களுக்குக் காக்கா கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகப் படும். பள்ளியில் ஒரு விதியை மாற்றலாம் என்றால் எதை என்று கேட்டால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார்கள்.

முதல் வாரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே போதும். காரணம் சொல்ல வேண்டிய கேள்விகள் பழகியபின் வரட்டும். பதில் வராத இடத்தில் ஆசிரியர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அப்போதும் வாய் திறக்காத பிள்ளைக்கு 'அப்புறம் சொல்றேன்' என்று சொல்லும் உரிமை உண்டு. தினமும் ஒரே வரிசையில் போனால் கடைசியில் இருப்பவர்கள் 'அதேதான் மிஸ்' என்று முடித்துவிடுவார்கள். சில நாள் பதிவேட்டைக் கீழிருந்து மேலாக வாசிப்பது நல்லது. ஆசிரியரும் பதில் சொல்ல வேண்டும். சாருக்கும் பாகற்காய் பிடிக்காது என்று தெரியும் நாளில் வகுப்புக்கு வரும் மகிழ்ச்சி தனி.

கேட்டதை மறந்துவிட்டால் இவ்வளவும் வீண். புறா வளர்ப்பதாகச் சொன்னவனிடம் இரண்டு வாரம் கழித்து, நடைவழியில், 'முட்டை பொரிஞ்சுதாப்பா?' என்று கேட்பதில்தான் உறவு பிடிக்கிறது. நினைவில் நிற்காதென்றால் ஒரு குறிப்பேட்டில் பெயருக்கு எதிரே ஒரு சொல் எழுதி வைத்தால் போதும்.

விளையாட்டான கேள்விக்கும் சில சமயம் கனமான பதில் வந்துவிடும். எதற்குப் பயம் என்று கேட்டால் 'ராத்திரி அப்பா வர்றதுக்கு' என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அங்கே துருவாமல், அடுத்த பெயருக்கு அமைதியாக நகர்ந்து, பிறகு தனியே அழைத்துப் பேசுவதே முறை. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பாலியல் கொடுமை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது ஆசிரியரின் கட்டாயக் கடமை.

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஆசிரியரின் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்போது கேள்வி எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம். சாக்பீஸ் டப்பா ஒன்றில் துண்டுச் சீட்டுகள் சேரும்; ஆசிரியர் படித்துச் சலித்தபின், எழுதியவரே மறுநாள் காலை அதைக் கரும்பலகையில் எழுதி, பதிவேட்டையும் வாசிப்பார். ஆசிரியரின் பெயர் கடைசியாக வரும்.