முட்டி தட்டும் கால்கள்... பெரியவர்களுக்கும் வழி உண்டு!

நிமிர்ந்து நின்றால் இரண்டு முட்டிகளும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால், கணுக்கால்களைச் சேர்க்க முடியவில்லை. இதைத்தான் 'நாக் நீ' என்கிறோம். மருத்துவர்கள் 'ஜீனு வால்கம்' என்பார்கள்.

புடவைக்குள் மறைத்துப் பெண்களும், பேன்ட்டை லூஸாகத் தைத்து ஆண்களும் வருடக்கணக்கில் சமாளித்துவிடுவார்கள். பெண் பார்க்க வரும்போதோ, போலீஸ், ராணுவ வேலைக்கு உடல் தகுதித் தேர்வு வரும்போதோதான் வீட்டில் கவலை ஆரம்பிக்கும். சிலருக்கு வயது ஏற ஏற வலியும் சேர்ந்துகொள்ளும்.

எது இயல்பு? எது கோளாறு?

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு முட்டி தட்டுவது சகஜம். ஏழு வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பெரியவர்களுக்கும் தொடை எலும்பும் கால் எலும்பும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதில்லை. முட்டியில் ஐந்து முதல் ஏழு டிகிரி வரை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் இயற்கை. எனவே, லேசாக முட்டி தட்டினாலே பதறவேண்டாம்.

கண்ணாடி முன் நில்லுங்கள். பாதங்கள் நேராக முன்னே பார்க்கட்டும். முட்டிகள் லேசாகத் தொடும்படி நின்று, கணுக்கால்களின் உட்புற எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தாலும், வலி இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு கூடிக்கொண்டே போனாலோ தள்ளிப்போடக் கூடாது.

ஏன் வருகிறது?

சிறு வயதில் வைட்டமின் டி, கால்சியம் குறைந்து வரும் ரிக்கெட்ஸ் ஒரு காரணம். எலும்பு வளரும் முனையில் பட்ட அடி, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம் ஆகியவையும் காரணமாகலாம். உடல் பருமன் பாரத்தைக் கூட்டும்.

குடிநீரில் உள்ள ஃபுளோரைடும் இதில் சேர்த்தி. ஃபுளோரைடு மிகுந்த பகுதியில் முட்டி தட்டும் கோளாறு காணப்படுவதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1973-லேயே எழுதினார்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் இந்த ஃபுளோரைடு தொல்லைக்காகத்தான்.

"எக்சர்சைஸ் பண்ணினா நேராயிடுமா, டாக்டர்?"

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. பதில்: ஆகாது. வளர்ச்சி முடிந்த எலும்பை உடற்பயிற்சியோ, எண்ணெய்த் தடவலோ, இரவில் கட்டும் பெல்ட்டோ நேராக்காது. 'ஒரே மாதத்தில் கால் நேராகும்' என்ற விளம்பரத்தை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள்.

அதற்காக உடற்பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை. இடுப்பின் பக்கத் தசைகளும் தொடைத் தசைகளும் பலப்பட்டால், நடக்கும்போது முட்டி உள்ளே சரிவது குறையும், வலியும் குறையும். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது போன்றவற்றை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். கூடுதல் எடையைக் குறையுங்கள். தட்டைப் பாதம் இருந்தால் செருப்புக்குள் வைக்கும் தாங்கி உதவலாம். வலி இல்லாத பலருக்கு இதுவே போதும்.

ஆபரேஷன் யாருக்கு?

உடல் பாரம் முட்டியின் நடுவில் இறங்கவேண்டும். முட்டி தட்டுகிறவர்களுக்கு அது வெளிப்பக்கமாக இறங்குகிறது. அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு சீக்கிரம் தேயும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்-ரேயில் இது தெளிவாகத் தெரியும்.

வளரும் பிள்ளைகளுக்குச் சின்ன பிளேட் வைத்தே வளர்ச்சியைத் திருப்பிவிடலாம். பெரியவர்களுக்கு அது பலிக்காது. வளைவு அதிகமாகி வலியும் உள்ள இளவயதினருக்கு 'ஆஸ்டியாட்டமி' செய்வார்கள். பெரும்பாலும் முட்டிக்கு மேலே, தொடை எலும்பை வெட்டி, கோணத்தைத் திருத்தி, பிளேட்டும் ஸ்குருவும் போடுவார்கள். சில வாரங்கள் ஊன்றுகோல். எலும்பு கூட மூன்று, நான்கு மாதங்கள் பிடிக்கலாம். இரண்டு காலும் என்றால் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான். வளைவு மிக அதிகமானால், வெளியே வளையம் பொருத்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும் இலிசரோவ் முறையும் உண்டு.

வயதாகி மூட்டு முழுவதும் தேய்ந்துவிட்டால், மூட்டு மாற்று சிகிச்சைதான் பலன் தரும். செயற்கை மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017-ல் உச்சவிலை நிர்ணயித்தது.

எந்த ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. கிருமித் தொற்று, ரத்தம் உறைதல், எலும்பு கூடாமல் போவது, பாதத்தைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படுவது ஆகியவை அரிதாகவேனும் நேரலாம். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும், முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கவேண்டும்.

கையெழுத்துப் போடும்முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வளைவு எந்த எலும்பில்? குருத்தெலும்பு எவ்வளவு மிச்சம்? எத்தனை மாதம் வேலைக்குப் போகமுடியாது? வலியே இல்லாமல், அழகுக்காகவோ கல்யாணத்துக்காகவோ மட்டும் ஆபரேஷன் என்றால், வீட்டார் அல்ல, அந்தக் காலுக்குச் சொந்தக்காரர்தான் நிதானமாக முடிவெடுக்கவேண்டும்.