ஒரு நொடி அவசரம், டிரான்ஸ்மிட்டரே காலி! ஹாம் ரேடியோவில் ஃபில்டர் மாற்றும்போது கவனம்

2004 டிசம்பர் 26. அந்தமானைச் சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோ குழுவினர் தங்கள் கருவிகள் மூலம் வெளியுலகுக்குத் தகவல்களை அனுப்பினார்கள். அவசரத்துக்குக் கைகொடுக்கும் இந்தக் கருவியை, உரிமம் பெற்ற பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' இதில் பிரபலம்.

ஆனால், சொந்தமாகச் செய்யும் டிரான்ஸ்மிட்டரில் கோட்டைவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுதான் பேண்ட் ஃபில்டர் மாற்றுவது.

ஃபில்டர் எதற்கு?

3.6 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது 7.2, 10.8 என அதன் மடங்குகளும் சேர்ந்தே உருவாகும். 10.8 ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட இடமே இல்லை. அடுத்தவர் சேவைக்கு அது இடைஞ்சல். இந்த 'ஹார்மோனிக்ஸ்' ஆன்டெனாவுக்குப் போகாமல் தடுப்பது லோ பாஸ் ஃபில்டர். பேண்ட் மாறினால் ஃபில்டரும் மாற வேண்டும். அதை ரிலேக்கள் செய்கின்றன.

ஆபத்து எங்கே?

பேசிக்கொண்டிருக்கும்போதே பேண்ட் சுவிட்சைத் திருப்பினால், ரிலே இடம் மாறும் சில மில்லி செகண்டுகள் ஆம்ப்ளிஃபயருக்கு லோடே இருக்காது. போக வழியில்லாத சக்தி திரும்பிவந்து டிரான்ஸிஸ்டரைப் பதம் பார்த்துவிடும். 50 ஓம் லோடில் 100 வாட் என்றாலே உச்ச வோல்ட்டேஜ் 100. லோடு இல்லாவிட்டால் இன்னும் எகிறலாம். ரிலே முனைகளில் தீப்பொறி பறந்து கருகும்.

14 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை 7-க்கான ஃபில்டர் வழியே அனுப்பினாலும் இதே கதைதான். தலைகீழாக மாற்றிப்போட்டால் கருவி பிழைக்கும்; ஹார்மோனிக்ஸ் தாராளமாக வெளியே போகும்.

பாதுகாப்பான வழி

* முதலில் டிரான்ஸ்மிட்டை நிறுத்துங்கள். பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். ரிலே நிலைகொள்ள 20 மில்லி செகண்டாவது விட்டு, அதன்பிறகே பேசுங்கள்.

* மறதிக்கு மருந்து, இன்டர்லாக். டிரான்ஸ்மிட் நடக்கும்போது பேண்ட் மாற்றும் கட்டளையை மைக்ரோகன்ட்ரோலர் ஏற்கவே கூடாது.

* புரோகிராம் தொங்கிப்போனால்? எந்த ஃபில்டரும் தேர்வாகாதபோது ஆம்ப்ளிஃபயரின் பயாஸ் தானாகத் துண்டிக்கப்படும்படி சர்க்யூட்டிலேயே அமைத்துவிடுங்கள்.

* முதல் சோதனையை ஆன்டெனாவில் வேண்டாம். டம்மி லோடு மாட்டி, குறைந்த பவரில் ஒவ்வொரு பேண்டாகப் பாருங்கள்.

புயல் நாளில் டிரான்ஸிஸ்டர் வாங்கக் கடை திறந்திருக்காது. அந்த 20 மில்லி செகண்ட் பொறுமை அன்றைக்குக் கைகொடுக்கும்!