ஓடப் படைத்த கால்கள்

வைகாசி கருட சேவையன்று வரதர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் கங்கைகொண்டான் மண்டபத்துக்கு எழுந்தருள்வார். எல்லோர் கண்ணும் குடையிலும் கருடனிலும் இருக்கும். பெருமாள் மன்னிக்கட்டும், ஒருமுறை வாகனத் தண்டுக்குக் கீழே, அதைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்களைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடங்க, குதிகாலுக்கு மேலே உள்ள நாண் ஒவ்வோர் எட்டுக்கும் விறைத்துத் தளரும்.

உடம்பிலேயே தடித்த தசைநாண் அதுதான். ஓடும்போது தரையில் மோதும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கி வைத்து அடுத்த அடிக்குத் திருப்பித் தந்துவிடுகிறது. சிம்பன்சிக்கு அது பேருக்குத்தான் இருக்கிறது. மனிதனை ஓடவும் படைத்தான் என்பதற்கு எனக்கு இந்தச் சாட்சி போதும்.

ஆனால் கால்களை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கவில்லை. கென்யாவின் கலெஞ்சின் ஓட்டக்காரர்களுக்குக் கெண்டைக்கால் மெலிந்தே இருக்கும். பாதத்தில் 100 கிராம் கூடினாலே ஓடச் செலவாகும் சக்தி சுமார் 1 சதவீதம் ஏறுகிறது என்றால், 42 கிலோமீட்டருக்கு அந்த மெலிவு எவ்வளவு பெரிய வரம்!

இன்னும் உள்ளே போனால் வியப்பு கூடுகிறது. 11-ஆம் குரோமோசோமில் உள்ள ஏசிடிஎன்-3 மரபணு, வேகத் தசைக்கு ஒரு புரதம் செய்து தருகிறது. அதில் ஓர் எழுத்து மாறினால் அந்தப் புரதமே உருவாகாது. பாவில் ஓரிழை அறுந்தாலும் சேலையில் கோடு விழுந்துவிடும் என்பது நம்மூர் நெசவாளருக்குத் தெரியும். இங்கேயோ உலகில் ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் அடியோடு இல்லை. நோயும் இல்லை, நொடியும் இல்லை. 2003-இல் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது, ஒலிம்பிக் வரை போன வேக வீரர்களில் ஒருவர்கூட அந்த ஐந்தில் ஒருவராக இல்லை. சரி, பிடித்துவிட்டோம் என்று விஞ்ஞானிகள் நிமிர்ந்தார்கள். 2007-இல் ஸ்பெயினிலிருந்து ஒருவர் வந்தார்: இரண்டு ஒலிம்பிக் கண்ட நீளம் தாண்டும் வீரர். அவருக்கு அந்தப் புரதம் துளியும் இல்லை!

இப்படியொரு புதிர் நம் பக்கத்திலும் உண்டு: கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் வீட்டு இரட்டைப் பெண்கள் வித்யா, நித்யா ராம்ராஜ். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இருவருமே தடை ஓட்டம் ஓடினார்கள். நித்யாவுக்கு 100 மீட்டர், வித்யாவுக்கு 400. வித்யா தகுதிச் சுற்றில் எடுத்தது 55.42 விநாடி. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி.உஷா எடுத்த அதே நேரம், நூறில் ஒரு பங்குகூட மாறாமல். ஒரே கருவறையில் ஒன்றாய் வளர்ந்த கால்களில் ஒரு ஜோடி குறுகிய தூரத்தையும் மறு ஜோடி நெடிய தூரத்தையும் பிடித்துக்கொண்டது எப்படி? படைத்தவனுக்கே வெளிச்சம்.