மின் கிற்றாரைத் திருத்தலும் மெருகூட்டலும்

நரம்புக் கருவியை உடையவர் அதனை அவ்வப்போது திருத்திக்கொள்ளுதல் நம்மவர்க்குப் புதியதொரு வழக்கமன்று. வீணையின் மெட்டுக்கள் மெழுகும் கரியும் கலந்த படுக்கையின்மேற் பதிக்கப்படுகின்றன. வெப்பத்தினால் மெழுகு இளகி மெட்டு நிலைபெயருமாயின் மீண்டும் மேளங்கட்டுதல் வேண்டும். ஆகவே, கருவி என்பது ஒருமுறை செய்து முடிந்த பொருளன்று என்பதை வீணை பயில்வோர் நன்கறிவர். மேனாட்டார் ஆக்கிய மின் கிற்றாரும் இத்தன்மையதே. வெளிநாட்டிலுள்ள உறவினர் கொணர்ந்து விட்டுச்சென்ற கிற்றார் பெட்டிக்குள் உறங்கும் வீடுகள் இன்று குடாநாட்டில் உள்ளன. அதனை எடுத்துப் புதுப்பிக்கப் புகும் இளைஞர் முதலிற் செய்வது பழைய வர்ணத்தைச் சுரண்டுவதே. அது முதலிற் செய்யத்தக்க காரியந்தானா என்பது ஆராயத்தக்கது.

இதற்கு விடை காண்பதற்கு, அக்கருவியின் ஒலி எவ்விடத்திற் பிறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். வீணையிலும் மரக் கிற்றாரிலும் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகையை அடைந்து, குடத்தினுள்ளிருக்கும் வளியையும் அதிர்வித்துப் பெருகுகின்றது. ஆகலின் அவற்றின் பலகை சிறிது தடித்தாலும் நாதம் வேறுபடும். மின் கிற்றாரின் உடலோ பெரும்பாலும் குடமன்று, கட்டிப் பலகையே. தந்திகளின் கீழே, காந்தத்தைச் சூழத் தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஏழாயிரம் எண்ணாயிரம் சுற்றுக்களாகச் சுற்றப்பட்ட சுருள் ஒன்று உண்டு. இதனைப் பிக்கப் என்பர். உருக்குத் தந்தி அசையுந்தோறும் காந்தப்பாயம் மாறுகின்றது. மாறவே, சுருளில் மின் தூண்டப்படுகின்றது. மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டிற் கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. குடாநாட்டவர்க்கு இத்தத்துவம் ஏட்டுச் சுரைக்காயன்று. 1990 களின் முற்பகுதியில் மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியை நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக்கொண்டு வானொலி கேட்டவர் பலர். டைனமோவிற் காந்தம் சுழல்கின்றது. கிற்றாரில் தந்தி அசைகின்றது. தத்துவம் ஒன்றே.

1931 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பார் இச்சுருளை அமைத்த கிற்றாரின் உடல் அலுமினியத்தாலாயது. அதன் வடிவு நோக்கி அதனைப் பொரிக்குஞ் சட்டி என்றே அழைத்தனர். பின்னர் லெஸ் போல் என்னும் இசைவாணர் வெறும் மரக்கட்டையொன்றிற் சுருளையும் தந்தியையும் பூட்டி வாசித்துக் காட்டினார். மரவகையால் ஒலி எத்துணை வேறுபடும் என்பது பற்றி வல்லுநரிடையே இன்றும் வழக்குண்டு. மேற்பூச்சின் பங்கு அதனினும் மிகச் சிறிது. ஆகவே ஒலி நலம் வேண்டி வர்ணத்தை அகற்றுதல் வீண் உழைப்பு; அழகு கருதிச் செய்வதாயின் அது வேறு.

வீட்டிலே கருவி செய்தோர் வெற்றி பெற்றதற்கும் சான்றுகள் உள. இங்கிலாந்திலே பிறையன் மே என்னும் மாணவர் 1963 ஆம் ஆண்டிலே தம் தந்தையாருடன் கூடித் தமக்கொரு கிற்றார் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்து பழைய அடுப்பங்கரைச் சட்டமொன்றின் மரம். சுருள்வில்லுகள் மோட்டார்ச் சைக்கிளின் வால்வு வில்லுகள். அசைக்குங் கோலின் முனை அன்னையாரின் பின்னலூசியிலிருந்து பெற்றது. குவீன் என்னும் குழுவில் அவர் வாழ்நாள் முழுதும் வாசித்து வருவது அக்கருவியையே. அமெரிக்காவில் எடி வான் ஹேலன் 1970 களில் மலிவான உடலொன்றையும் கழுத்தொன்றையும் தனித்தனியே வாங்கிப் பொருத்தி, துவிச்சக்கர வண்டிக்குரிய வர்ணத்தைப் பூசினார். சுருள் வீரிட்டு அலறுவதைத் தடுக்க அதனை உருகிய மெழுகில் அமிழ்த்தவுஞ் செய்தார். வீணைக்கு மெட்டை நிறுத்தும் மெழுகு, இங்கே தளர்ந்த கம்பிச் சுற்றுக்களை அசையாது நிறுத்துகின்றது.

இனி மெருகூட்டும் முறையை நோக்குவாம். தொழிற்சாலைக் கிற்றார்கள் பலவற்றின் மேற்பூச்சு பொலியெஸ்ரர் என்னும் கடினமான பிசினாலாயது. வர்ணம் நீக்கும் திரவங்கள் இதன்முன் பெரும்பாலும் தோற்றுவிடும். வெப்பக் காற்றினால் உரிக்கலாம். ஆயின் மரம் கருகவும், நச்சாவி மார்பினுட் புகவும் இடமுண்டு. அதனை மரம் தெரிய உரிக்க வேண்டுவதே இல்லை. 320 ஆம் இலக்க அரத்தாளினால் மினுக்கம் போகத் தேய்த்து, அதன்மேலேயே புதிய பூச்சை இடலாம். கழுத்து வந்து பொருந்தும் குழியை மாத்திரம் ஒட்டுத்தாளினால் மறைத்தல் வேண்டும். அவ்விடத்திற் பூச்சுத் தடித்தால் கழுத்துச் சரியாக அமராது. கழுத்து அமராதாயின் தந்திக்கும் மெட்டுக்கும் இடையேயுள்ள உயரம் மாறிவிடும். ஈற்றில் 1000, 2000 ஆகிய இலக்கங்களின் நீர்த்தாளினால் தேய்க்கும்போது திருகாணித் துளைகளினுள் நீர் புகாதவாறு காத்தல் வேண்டும். நீரேறிய மரம் வீங்கினால், துளையைச் சுற்றிப் பூச்சு நட்சத்திரம்போல வெடிக்கும். இதனை அறியாது கெட்ட வேலைகள் பல.

நம் குடாநாட்டிற் காலமும் பார்த்தல் வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள மழைக்காலத்து ஈரக்காற்றில் அரக்கு, நைற்றிரோ செலுலோசு முதலிய பூச்சுக்கள் வெண்மை படர்ந்து மங்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்புக் குளிர்ந்து வளியிலுள்ள நீரை ஈர்த்துக்கொள்வதே காரணம். வைகாசியின் பின் சோழகக் காற்று வலிகாமத்துச் செம்மண் துகளை வாரி வரும். ஈரமான பூச்சின்மேல் ஒரு துகள் வீழ்ந்தாலும் மீண்டும் தேய்க்கத்தான் வேண்டும். மாசி பங்குனியே ஏற்ற காலம். பூச்சுக் காய்ந்ததுபோலத் தோன்றினும், நைற்றிரோ செலுலோசு உள்ளிறுக வாரங்கள் பல செல்லும். பொறுமையின்றிப் பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் பட்டுத்துணி அதில் ஒட்டிக்கொள்ளும்.

நிற்க, உயிரோடு தொடர்புடையது மின்னமைப்பே. இலங்கையின் மின்வழங்கல் 230 வோற்று, செக்கனுக்கு 50 சுற்று. தனிச் சுருள் இவ்வலைவையும் வாங்கி இரைகின்றது. கிப்சன் கம்பனியைச் சேர்ந்த செத் லவர் என்பார் 1955 ஆம் ஆண்டில் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து அவ்விரைச்சலை அழித்தார். தனிச் சுருளுடையார் கருவியின் உட்குழிக்குச் செப்புத் தகடு ஒட்டி, அதனைப் புவிக்கம்பியோடு பற்றாசினால் இணைத்தால் ஓரளவு பயனுண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தந்திகளும் குதிரை வழியாக அப்புவிக்கம்பியோடே இணைந்துள்ளன. வாசிப்போன் விரல் அவற்றிற் பட்டிருக்கின்றது. விரியலாக்கிக்கோ ஒலிவாங்கிக்கோ புவித்தொடுப்புப் பழுதாயின் மின் அவன் உடலூடு பாயும். 1972 ஆம் ஆண்டு வேல்சு நாட்டின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹாவி என்னும் கிற்றார் வாசிப்பாளர், புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு அரங்கிலேயே மாண்டார். கனடாவிலிருந்து வந்த விரியலாக்கி 120 வோற்றுக்குரியதாதலின், மாற்றியின்றி நம் வீட்டு மின்னில் அதனைச் செருகுதலும் தகாது. வர்ணத்தை அரத்தாளோடு தொடங்குமுன் இவற்றையே சோதித்தல் முறை.

எஞ்சியது மெட்டு. வீணையின் மெட்டு நகர்த்தத்தக்கது. கிற்றாரின் மெட்டோ கணக்கினால் நிறுத்தப்பட்டது. 648 மில்லிமீற்றர் நீளமுடைய தந்தியை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் 36.4 மில்லிமீற்றரில் விழும். எஞ்சிய நீளத்தையும் அவ்வாறே வகுத்துச் செல்லப் பன்னிரண்டாம் மெட்டு நடுவில் வந்து நிற்கும். இத்தகைய மெட்டிலே கமகம் எழுமோ என ஐயுற்றோர்க்கு மண்டலின் சிறீநிவாஸ் (1969–2014) விடையாயினார். மேனாட்டு மண்டலினின் இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளை மின் மண்டலினிற் கட்டி, விரலால் இழுத்தே அவர் கமகம் பிறப்பித்தார். ஜோன் மக்லாக்கிலன் 1970 களில் சக்தி குழுவிலே மெட்டுக்களின் இடைப்பலகையைக் குழிவாகச் செதுக்கிய கிற்றாரை ஏந்தினார். விரலின்கீழ் மரம் தடுக்காமையால் தந்தி எளிதில் இழுபடும். அக்குழுவின் வயலின் கலைஞர் எல். சங்கர் யாழ்ப்பாணத்திலே வளர்ந்தவர். அவர் தந்தையார் வி. லட்சுமிநாராயணர் இங்கே இசை கற்பித்து, 1958 கலவரத்தின் பின் குடும்பத்தோடு இந்தியா சென்றவர். சங்கர் பின்னர் இரு கழுத்தும் பத்துத் தந்தியுமுடைய மின் வயலினொன்றை வகுத்து, அதனைக் கென் பாக்கர் என்னும் கிற்றார் ஆக்குநரைக் கொண்டு செய்வித்தார்.

இடைப்பலகையைச் செதுக்க விரும்புவோர் அறியவேண்டுவது, செதுக்கிய மரம் மீளாது என்பது. பென்டர் முறைக் கிற்றார்களின் கழுத்து நான்கு திருகாணிகளாலேயே உடலோடு பிணைந்துள்ளது. ஆதலால் மலிவான வேறொரு கழுத்தைப் பெற்று அதனிற் செதுக்கிப் பார்க்கலாம். கழற்றிய பழைய கழுத்தையும் சுருளையும் திருகாணிகளையும் துணியிற் சுற்றிக் கறையான் எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். மெல்லிய பழந்தந்தியை அப்படியே விட்டால், நம் கரையோரத்து உப்புக் காற்று அதனை ஓராண்டினுள்ளே துருவாக்கிவிடும்.